சேமிப்பும் சோதனையும் (புரதம் மடியும் கதை – பகுதி 9)

சென்ற பகுதியை 1960இல், கெண்ட்ரூவின் மயோகுளோபின் வடிவத்தோடு நிறுத்தியிருந்தோம். ஒரு புரதத்தின் உருவத்தை அணு அணுவாகப் பார்த்துவிடலாம், ஆனால் அதற்கு ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டும் என்ற நிலை அது. இந்தப் பகுதி அங்கிருந்து அறுபது ஆண்டுகளைக் கடக்கிறது. 2020 நவம்பர் 30 அன்று ஒரு செய்தி வெளியானது. லண்டனில் இயங்கும் டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஃபோல்ட் என்ற மென்பொருள், அமினோ அமில வரிசையை மட்டும் வாங்கிக்கொண்டு, பெரும்பாலான புரதங்களின் முப்பரிமாண வடிவத்தை ஆய்வுக்கூட அளவீட்டுக்கு ஈடாகச் சொல்லிவிட்டது என்றது அது. அரை நூற்றாண்டுப் புதிரைச் செயற்கை நுண்ணறிவு அவிழ்த்தது என்று பத்திரிகைகள் எழுதின. 2024இல் வேதியியல் நோபல் பரிசில் பாதி அந்த நிறுவனத்தின் டெமிஸ் ஹஸ்ஸாபிசுக்கும் ஜான் ஜம்பருக்கும் போனது. செய்தியில் பிழையில்லை. ஆனால் அதைப் படித்தவர் மனத்தில் பதிந்த சித்திரம், ஓர் இயந்திரம் தனியே உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தது போன்ற சித்திரம், வரலாற்றோடு பொருந்தவில்லை. அந்த வெற்றிக்கு அடியில் இரண்டு பழைய ஏற்பாடுகள் கிடக்கின்றன. ஒன்று, அளந்தெடுத்த புரத வடிவங்களை எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி 1971 முதல் சேர்த்து வைத்த பொதுச் சேமிப்பு. மற்றது, விடை வெளியாகும் முன்பே கணிப்பை எழுதிக் கொடுக்கச் சொல்லி 1994 முதல் நடந்துவரும் சோதனை. இந்த இரண்டும் இல்லாத ஓர் உலகில் ஆல்ஃபாஃபோல்ட் பிறந்திருக்க முடியாது என்பதே என் வாதம். மறுப்புகள் உண்டு, அவற்றில் சில வலுவானவை. முதலில் சான்றுகளைப் பார்ப்போம்.

வரிசையிலிருந்து வடிவத்தைக் கணிக்கலாம் என்று நம்புவதற்கே ஓர் ஆதாரம் தேவைப்பட்டது. அதைத் தந்தவர் அமெரிக்காவின் பெதெஸ்டாவில், தேசிய சுகாதார நிறுவனங்களில் பணியாற்றிய கிறிஸ்டியன் அன்ஃபின்சன். அவர் எடுத்துக்கொண்டது மாட்டின் கணையத்தில் கிடைக்கும் ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதி. 124 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி அது. அவற்றில் எட்டு சிஸ்டீன்கள், இரண்டிரண்டாகக் கந்தகப் பிணைப்பால் சேர்ந்து நான்கு முடிச்சுகளாக நிற்கும். யூரியாக் கரைசலில் இட்டு, முடிச்சுகளையும் வேதிப்பொருளால் அறுத்துவிட்டால் நொதி தன் வடிவத்தை இழந்து வேலையை நிறுத்திவிடுகிறது. பிறகு யூரியாவையும் அந்த வேதிப்பொருளையும் மெல்ல அகற்றிக் காற்றுப்பட விட்டால், வெளியிலிருந்து எந்த உதவியும் இல்லாமல் நொதி மறுபடி வேலை செய்யத் தொடங்குகிறது. எட்டு சிஸ்டீன்கள் இணையக்கூடிய வழிகள் 105. அவற்றுள் சரியான ஒன்றைச் சங்கிலி தானாகவே தேர்ந்துகொள்கிறது. யூரியாவை அகற்றாமல் முடிச்சுகளை மட்டும் மீண்டும் போடவிட்டால் கிடைப்பது குளறுபடியான கலவை. அதன் செயல்திறன் ஏறத்தாழ ஒரு சதவீதம். இதிலிருந்து அன்ஃபின்சன் எடுத்த முடிவு எளியது: சுற்றுச்சூழல் சரியாக இருந்தால், வடிவத்துக்குத் தேவையான தகவல் முழுவதும் வரிசைக்குள்ளேயே இருக்கிறது. 1972இல் அவருக்கு நோபல் கிடைத்தது. உயிரணுவுக்குள் சில புரதங்கள் மடிவதற்கு வேறு புரதங்களின் துணை வேண்டும் என்பது பின்னாளில் தெரிய வந்தது. ஆனாலும் அடிப்படைக் கூற்று நிலைத்துவிட்டது.

தகவல் உள்ளே இருக்கிறது என்று தெரிவது ஒன்று, அதைப் படித்தெடுப்பது வேறு. 1969இல் சைரஸ் லெவிந்தால் இதை ஒரு கணக்காகவே போட்டுக் காட்டினார். ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் மூன்றே நிலைகள்தான் என்று மிகக் குறைவாக வைத்துக்கொண்டாலும், 100 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி எடுக்கக்கூடிய வடிவங்களின் எண்ணிக்கை 48 இலக்கங்களில் போய் நிற்கும். ஒவ்வொன்றாகத் தேடினால் பிரபஞ்சத்தின் வயதும் போதாது. நிஜப் புரதங்களில் பலவோ ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் மடிந்துவிடுகின்றன. ஆகவே புரதம் தேடுவதில்லை, ஏதோ பாதைகளில் சரிந்து இறங்குகிறது என்று லெவிந்தால் சொன்னார். இயற்பியல் விதிகளைக் கொண்டு அந்தச் சரிவையே கணினியில் நடத்திப் பார்த்தால் என்ன என்ற எண்ணம் இயல்பாக எழுந்தது. 1975இல் மைக்கேல் லெவிட்டும் அரியே வார்ஷெலும் 58 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு புரதத்தை எளிமைப்படுத்திக் கணினியில் மடித்துக் காட்டினார்கள். நேச்சர் இதழில் வந்த அந்தக் கட்டுரை பெரும் உற்சாகத்தைக் கிளப்பியது. மூன்றாண்டுகளில் ஹாக்லர், ஹோனிக் என்ற இருவர் சங்கடமான ஒன்றைச் செய்தார்கள். உண்மையான வரிசைக்குப் பதிலாக கிளைசின், அலனின் என்ற இரண்டே வகை அமினோ அமிலங்களை வைத்து அதே போன்ற கணக்கைச் செய்தார்கள். ஏறக்குறைய அதே அளவு நெருக்கமான வடிவம் வந்தது. வரிசையில் உள்ள தகவலை அந்தக் கணக்கு படிக்கவே இல்லையோ என்ற ஐயம் எழுந்தது. லெவிட்டும் வார்ஷெலும் தொடங்கிய துறை பின்னர் செழித்தது, 2013இல் அவர்களுக்கு நோபலும் வந்தது. இங்கே நமக்கு வேண்டியது வேறொரு செய்தி: விடை தெரிந்த புரதத்தை எடுத்துக்கொண்டு அதை மடித்துக் காட்டினால், வெற்றி எது தற்செயல் எது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

இந்த இடத்தில் சென்னைக்கு வர வேண்டியிருக்கிறது. ஜி. என். ராமச்சந்திரனின் பங்கைப் பற்றித் தமிழில் எழுதப்படுவதில் பாதி, அவருக்கு நோபல் கிடைக்காத வருத்தம். அதைப் போதுமான அளவு புலம்பியாகிவிட்டது. அவர் செய்தது என்ன என்பதுதான் குறைவாக எழுதப்பட்டிருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954–55இல் கொலாஜன் என்ற புரதத்துக்கு மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்ற அமைப்பை முன்வைத்தார்கள். அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் அதை எதிர்த்தார்கள். அந்த அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்பது அவர்கள் குறை. அப்படியானால் பிணைப்பில்லாத இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? ராமச்சந்திரனின் குழு வாதத்தை வாதத்தால் எதிர்கொள்ளாமல், அதுவரை உலகெங்கும் வெளியாகியிருந்த அமினோ அமில, சிறு பெப்டைடு படிக அமைப்புகளைத் தேடித் தொகுத்து, உண்மையில் அணுக்கள் எந்தத் தூரம்வரை நெருங்கி வருகின்றன என்று கணக்கெடுத்தது. அந்த எல்லைகளை வைத்துக்கொண்டு, சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் திரும்பக்கூடிய இரண்டு கோணங்களில் எவையெவை சாத்தியம் என்று வரைந்தார்கள். 1963இல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் அவர் வெளியிட்ட அந்த வரைபடத்தில் பெரும்பகுதி வெறுமை. புரதச் சங்கிலியால் போகவே முடியாத இடங்கள் அவை. லெவிந்தாலின் பூதாகாரமான எண்ணிக்கையைக் கத்தரித்த முதல் கத்தி என்று இதைச் சொல்லலாம். இன்றும் ஒரு புதிய புரத வடிவம் பதிவாகும்போது, அதில் எத்தனை அமினோ அமிலங்கள் ராமச்சந்திரன் வரைபடத்தின் எல்லைக்கு வெளியே விழுகின்றன என்பது தரச்சான்றின் ஒரு பகுதி. பிறர் அளந்து வெளியிட்டவற்றைத் திரட்டி ஒரு விதியைப் பிழிந்தெடுப்பது என்ற வேலைமுறை அங்கேயே முழுமையாக இருக்கிறது. கையால் தொகுத்தார்கள், அவ்வளவுதான் வேறுபாடு.

எட்டாண்டுகளுக்குப் பிறகு அந்தத் தொகுப்பு வேலை நிறுவனமாக மாறியது. 1971இல் நியூயார்க் மாநிலத்தின் ப்ரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில், வால்டர் ஹாமில்டன் என்ற படிகவியலாளரின் பொறுப்பில், கேம்பிரிட்ஜின் படிகத் தரவு மையத்தின் ஒத்துழைப்போடு புரதத் தரவு வங்கி தொடங்கப்பட்டது. தொடங்கும்போது கையிருப்பு ஏழு வடிவங்கள். கேட்பவர்களுக்குக் காந்த நாடாவில் பதிந்து அனுப்பினார்கள். இன்று இதை ஏதோ இயல்பாக நடந்ததாக எண்ணத் தோன்றும். அன்றைய படிகவியலாளரின் இடத்தில் நின்று பார்த்தால் அப்படியில்லை. ஒரு புரதத்தைப் படிகமாக்கவே ஆண்டுகள் ஆகலாம், ஆகாமலும் போகலாம். அப்படிப் பெற்ற அணு ஆயங்களை வெளியே கொடுத்துவிட்டால், அதிலிருந்து வேறொருவர் தனக்கு முன்பாக அடுத்த கட்டுரையை எழுதிவிடுவார். எனவே பலரும் கட்டுரையை வெளியிட்டுவிட்டு ஆயங்களைத் தம்மிடமே வைத்துக்கொண்டார்கள், இதழ்களும் வற்புறுத்தவில்லை. 1980களின் பிற்பகுதியில் யேல் பல்கலைக்கழகத்தின் ஃபிரெட் ரிச்சர்ட்ஸ் உள்ளிட்டோர், தரவை ஒப்படைக்காமல் வெளியிடக் கூடாது என்று கையெழுத்து இயக்கம் நடத்த வேண்டியிருந்தது. பன்னாட்டுப் படிகவியல் சங்கம் 1989இல் நெறிமுறை வகுத்தது. அடுத்த பத்தாண்டுகளில் முக்கிய இதழ்கள் ஒவ்வொன்றாக அதைக் கட்டாயமாக்கின. வங்கியின் கையிருப்பு 2023 தொடக்கத்தில் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. ஒரு வடிவத்தை மறுபடி அளந்தெடுக்க ஒரு லட்சம் டாலர் ஆகும் என்ற வழக்கமான மதிப்பீட்டை ஏற்றுக்கொண்டால், அந்தச் சேமிப்பின் பெறுமானம் 2,000 கோடி டாலர். பெரும்பாலும் அரசு நிதியில், பல நாடுகளில், ஆயிரக்கணக்கான ஆய்வு மாணவர்களின் இளமைக் காலத்தில் விளைந்தது அது.

சேமிப்பு மட்டும் போதாது என்பதற்கான சான்று 1974இலேயே தொடங்குகிறது. பீட்டர் சௌவும் ஜெரால்ட் ஃபாஸ்மனும் அப்போது வடிவம் தெரிந்திருந்த 15 புரதங்களை ஆராய்ந்து, எந்த அமினோ அமிலம் சுருளாக நிற்க விரும்புகிறது, எது பட்டையாக நீள விரும்புகிறது என்று ஓர் அட்டவணை தயாரித்தார்கள். முழு வடிவத்தைக் கணிக்க முடியாவிட்டாலும், சங்கிலியின் எந்தத் துண்டு சுருள், எந்தத் துண்டு பட்டை என்று காகிதம் பென்சிலோடு சொல்லிவிடலாம். முக்கால் பங்குக்கு மேல் சரியாக வருகிறது என்று அவர்கள் சொன்னார்கள். உலகம் முழுவதும் அதைப் பயன்படுத்தினார்கள். 1983இல் வொல்ஃப்காங் கப்ஷும் கிறிஸ் சாண்டரும், புழக்கத்திலிருந்த மூன்று முறைகளையும் எடுத்து, அவற்றை உருவாக்கியவர்கள் பார்த்திராத புரதங்களின் மேல் ஓட்டிப் பார்த்தார்கள். எந்த முறையும் 56 சதவீதத்தைத் தாண்டவில்லை. சுருள், பட்டை, இரண்டுமல்லாதது என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே முப்பத்துச் சொச்சம் வரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சௌவும் ஃபாஸ்மனும் ஏமாற்றவில்லை. எந்தப் புரதங்களிலிருந்து அட்டவணையைக் கற்றார்களோ அவற்றிலேயே அதைச் சோதித்தார்கள். மாணவனே வினாத்தாள் தயாரித்து மாணவனே திருத்திய கதை அது. அந்தத் துறையில் அன்று எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

இதற்கு மருந்தாக வந்ததுதான் கேஸ்ப். மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் ஜான் மௌல்ட் முன்னின்று 1994இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டின் விதி மிக எளியது. ஏதோ ஓர் ஆய்வகத்தில் ஒரு புரதத்தின் வடிவம் கிடைத்திருக்கிறது, அல்லது கிடைக்கப்போகிறது, இன்னும் வெளியாகவில்லை. அவர்கள் வரிசையை மட்டும் அமைப்பாளர்களிடம் கொடுப்பார்கள். உலகின் எந்தக் கணிப்பாளரும் குறிப்பிட்ட நாளுக்குள் தம் கணிப்பை அனுப்பலாம். யார் அனுப்பியது என்று பெயர் தெரியாமல், சார்பற்ற மதிப்பீட்டாளர்கள் கணிப்பையும் உண்மை வடிவத்தையும் ஒப்பிடுவார்கள். டிசம்பரில் கூடிப் பேசுவார்கள். முதல் கூட்டம் கலிஃபோர்னியாவின் அசிலோமரில் நடந்தது. இரண்டாண்டுக்கு ஒரு முறை இது தவறாமல் நடக்கிறது. மதிப்பெண் முறையும் காலப்போக்கில் நிலைபெற்றது. முதுகெலும்புக் கரி அணுக்களில் எத்தனை சதவீதம், உண்மையான இடத்திலிருந்து 1, 2, 4, 8 ஆங்ஸ்ட்ராம் தூரங்களுக்குள் வருகின்றன என்று பார்த்துச் சராசரி எடுப்பார்கள். 100க்கு 90 வந்தால் ஆய்வுக்கூட அளவீட்டுக்குச் சமம் என்பது பொதுவான கணிப்பு. இதில் பரிசுப் பணம் கிடையாது. ஆனால் தோற்றவர் எங்கே தோற்றார் என்று எல்லோர் முன்னிலையிலும் தெரிந்துவிடும். தங்களுடைய துறையை இப்படி ஒரு நடுவர் கையில் ஒப்படைக்கச் சம்மதித்தது அரிய செயல் என்றே நினைக்கிறேன். பொருளியலிலோ உளவியலிலோ அத்தகைய ஒன்று முப்பதாண்டு நிலைத்திருந்தால் அந்தத் துறைகளின் முகமே மாறியிருக்கும்.

அடுத்த இருபதாண்டுகளின் கதை மெதுவானது, நடுநடுவே தேக்கமும் உண்டு. உறவுள்ள புரதம் ஒன்றின் வடிவம் வங்கியில் இருந்தால் அதை அச்சாக வைத்துக் கணிப்பது சுலபமாயிற்று. அப்படி உறவே இல்லாத புரதங்கள்தான் உரைகல். அங்கே சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பேக்கரின் குழு எழுதிய ரோசெட்டா என்ற மென்பொருள் 1990களின் இறுதியில் முன்னேறியது. வங்கியிலுள்ள புரதங்களைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, பொருத்தமான துண்டுகளை ஒட்டிப் பார்த்து, ஆற்றல் குறைந்த வடிவத்தைத் தேடுவது அதன் முறை. இயற்பியல் என்று சொல்லிக்கொண்டாலும் பாதி வேலையைச் சேமிப்பே செய்தது. அதே காலத்தில் அமெரிக்க அரசு 2000 முதல் 2015 வரை பெரும் பணம் செலவழித்து, என்ன வேலை செய்கின்றன என்றே தெரியாத புரதங்களின் வடிவங்களையெல்லாம் வரிசையாக அளக்க வைத்தது. குடும்பத்துக்கு ஒன்று தெரிந்துவிட்டால் மற்றவற்றைக் கணித்துக்கொள்ளலாம் என்பது திட்டம். யாருக்கும் பயன்படாத புரதங்களை அளந்து பணத்தைக் கரைக்கிறார்கள் என்று உயிரியலாளர்களே கடிந்துகொண்டார்கள், திட்டம் நிறுத்தப்பட்டது. அன்று பயனற்றவை எனப்பட்ட அந்த வினோத வடிவங்கள்தான் பின்னால் கற்கவந்த மென்பொருள்களுக்குப் பாடத்தின் அகலத்தைக் கூட்டின. திட்டத்தைத் திட்டியவர்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

இன்னொரு சேமிப்பும் இதில் சேர்கிறது: வரிசைகளின் சேமிப்பு. ஒரு புரதத்தின் இரண்டு அமினோ அமிலங்கள் மடிந்த வடிவத்தில் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பரிணாமத்தில் ஒன்று மாறினால் மற்றதும் அதற்கேற்ப மாறினால்தான் புரதம் பிழைக்கும். ஆகவே அதே புரதத்தின் ஆயிரக்கணக்கான உறவுகளைப் பல உயிரினங்களிலிருந்து எடுத்து வரிசையாக அடுக்கி, எந்த இரு இடங்கள் சேர்ந்தே மாறுகின்றன என்று பார்த்தால், எவை தொட்டுக்கொள்கின்றன என்று ஊகிக்கலாம். 1994 அளவிலேயே இந்த எண்ணம் அச்சில் வந்துவிட்டது, ஆனால் பலிக்கவில்லை. அ–ஆ தொடுகிறது, ஆ–இ தொடுகிறது என்றால் அ–இ தொடாமலே சேர்ந்து மாறுவதுபோல் தோன்றும். இந்தப் பொய்த் தொடர்புகளை வடிகட்டும் கணித முறைகளைப் புள்ளியியல் இயற்பியல் பின்னணி கொண்டவர்கள் 2009 முதல் 2012 வரையிலான ஆண்டுகளில் கொண்டுவந்தார்கள். மரபணு வரிசையறிதல் மலிவாகி, அடுக்குவதற்கு உறவுகளும் ஏராளமாகக் கிடைத்தன. 2016–17இல் ஜின்போ ஷுவின் குழு, படங்களை அடையாளம் காணப் பயன்பட்ட ஆழ்கற்றல் வலைப்பின்னலை இந்தத் தொடர்பு அட்டவணையின் மேல் ஏற்றிப் பெரும் பலன் கண்டது. ஆக, டீப்மைண்ட் இந்தக் களத்துக்குள் வந்தபோது அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

2018 கேஸ்பில் டீப்மைண்டின் முதல் ஆல்ஃபாஃபோல்ட் முதலிடம் பெற்றது. உறவற்ற, கடினமான புரதங்களில் பல ஆண்டுகளாக 40ஐ ஒட்டி நின்ற மதிப்பெண் 60க்கு அருகே போனது. அவர்கள் பழைய திட்டத்தை ஓரங்கட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து எழுதினார்கள். 2020இல் இரண்டாம் ஆல்ஃபாஃபோல்டின் மதிப்பெண் எல்லாப் புரதங்களையும் சேர்த்து நடுமதிப்பில் 92.4, கடினமானவற்றில் மட்டும் 87. டூபிங்கனில் ஆந்திரே லூபாஸின் ஆய்வகம், ஆர்க்கியா வகை நுண்ணுயிர் ஒன்றின் புரதத்துக்கு எக்ஸ்-கதிர்த் தரவை வைத்துக்கொண்டு பத்தாண்டுகளாக வடிவம் கிடைக்காமல் திணறிவந்தது. இந்தக் கணிப்பை வைத்ததும் அரை மணி நேரத்தில் புதிர் தீர்ந்தது. மென்பொருளின் பயிற்சிக்குப் பயன்பட்டவை வங்கியிலிருந்த ஏறத்தாழ 1,70,000 வடிவங்களும் பொதுத் தரவுத்தளங்களின் வரிசைகளும். ஓடிய கணினிகள் 128 செயலிக் கருக்கள், சில வாரங்கள். பெருநிறுவனங்களின் அளவுகோலில் இது சாதாரணச் செலவு என்பதைக் கவனிக்க வேண்டும். பாடப்புத்தகத்தை எழுதி முடிக்க ஐம்பதாண்டுகள் ஆயின, படிக்கச் சில வாரங்கள் போதுமாயிருந்தன.

முதல் மறுப்பு இங்கே எழும். சேமிப்பு எல்லோருக்கும் திறந்து கிடந்தது, சோதனையும் எல்லோருக்கும் பொது. நூறு குழுக்கள் அதே இடத்தில் நின்றன. ஒன்று மட்டுமே தாண்டியது. ஆகவே விளக்கம் அந்த ஒன்றில்தான் இருக்க வேண்டும், பொதுவானவற்றில் அல்ல. இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. 60இலிருந்து 87க்குப் போன தூரம் அவர்களுடையது. பரிணாம அடுக்கையும் அமினோ அமில இணைகளின் அட்டவணையையும் மாறி மாறி ஒன்றையொன்று திருத்திக்கொள்ள விட்ட வடிவமைப்பு யாருக்கும் முன்பு தோன்றவில்லை. பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் ஒரு கட்டுரை என்று சிதறும் உழைப்பை, ஒரே இலக்குக்குப் பல ஆண்டுகள் குவித்து வைத்த நிர்வாகமும் அவர்களுடையது. ஆனால் அதே ஆண்டுகளின் இன்னொரு நிகழ்வைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2020 டிசம்பரில் டீப்மைண்ட் கூட்டத்தில் பேசியது சுருக்கமான உரை, குறிப்புகள் குறைவு. அந்தக் கோடிட்டுக் காட்டலை மட்டும் பிடித்துக்கொண்டு, சியாட்டிலில் மின்கியுங் பேக்கும் டேவிட் பேக்கரின் குழுவும் ஏழே மாதங்களில் ரோசெட்டாஃபோல்டை எழுதினார்கள். அதுவும் ஆல்ஃபாஃபோல்டின் விரிவான கட்டுரையும் ஒரே நாளில், 2021 ஜூலை 15 அன்று வெளியாயின. சியாட்டிலின் மென்பொருள் ஆல்ஃபாஃபோல்டைப் பிடிக்கவில்லை, ஆனால் மற்ற எல்லாவற்றையும் தாண்டி அதன் அருகில் நின்றது. கண்டுபிடிப்பின் சூட்சுமம் முழுக்க ஒரு குழுவின் தலைக்குள் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. முதலில் தாண்டியவர் யார் என்பதை டீப்மைண்ட் விளக்குகிறது. தாண்டக்கூடிய உயரத்தில் அந்தத் தடை அன்று இருந்ததை வேறு ஏதோ விளக்க வேண்டும்.

இரண்டாம் மறுப்பு இன்னும் கூர்மையானது, அதைத் தந்ததும் ஓர் ஆய்வு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் முகம்மது அல்குரைஷியின் குழு ஆல்ஃபாஃபோல்டை அப்படியே திறந்த மூலமாக மறுபடி எழுதி, ஓபன்ஃபோல்ட் என்று பெயரிட்டு, பயிற்சித் தரவைக் குறைத்துக்கொண்டே போய்ப் பார்த்தது. ஏறத்தாழ ஆயிரம் சங்கிலிகளை மட்டும் கொடுத்தபோதும் மென்பொருள் வியக்கத்தக்க அளவு நன்றாகக் கற்றது. ஆயிரம் போதுமென்றால் 1990களின் வங்கியே போதுமே, இரண்டு லட்சம் எதற்கு? இதற்கு இரண்டு பதில்கள். ஆயிரத்தில் கிடைத்தது நல்ல கணிப்பு. ஆய்வுக்கூடத்துக்கு ஈடான கணிப்பு முழுச் சேமிப்பில்தான் கிடைத்தது, பயனுக்கு அந்தக் கடைசி ஆங்ஸ்ட்ராம்தான் முக்கியம். மற்றது, அந்த ஆயிரம் முழுச் சேமிப்பிலிருந்து எடுத்த மாதிரி. 1990களின் வங்கியில் எளிதில் படிகமாகும் புரதங்களே மிகுதி; அதிலிருந்து ஆயிரம் எடுத்தால் அதே பரவல் வராது. தவிரவும், எந்த வடிவமைப்பு ஆயிரத்தைக் கொண்டே கற்றுக்கொள்ளும் என்று கண்டுபிடிக்க, அது சரியாகக் கற்றதா என்று சொல்லும் நடுவர் வேண்டும். கப்ஷும் சாண்டரும் காட்டிய 56 சதவீதம் மறக்கப்பட்டிருந்தால், ஆயிரத்திலிருந்து கற்றோம் என்று சொல்லிக்கொண்ட நூறு மென்பொருள்களில் எது மெய் என்று யாரும் அறிந்திருக்க முடியாது.

மூன்றாவது மறுப்பு வேறு திசையிலிருந்து வருகிறது, அதை எழுப்புபவர்கள் பெரும்பாலும் இயற்பியலாளர்கள். இது மடிப்புப் புதிரின் தீர்வே அல்ல என்கிறார்கள். சங்கிலி எந்தப் பாதையில் மடிகிறது என்று ஆல்ஃபாஃபோல்ட் சொல்வதில்லை. ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதால் புரதம் குலைந்துவிடுமா என்று கேட்டால் பெரும்பாலும் பழைய வடிவத்தையே காட்டுகிறது. ஒரே வரிசை இரண்டு வடிவங்கள் எடுக்கும் இடங்களில் பலமுறை ஒன்றைத்தான் அறியும். நிலையான வடிவமே இல்லாத புரதப் பகுதிகள் மனித உடலில் ஏராளம். மனிதப் புரதங்கள் அனைத்தையும் கணித்தபோது, நம்பிக்கையோடு சொல்ல முடிந்தது 58 சதவீத அமினோ அமிலங்களின் இடத்தை மட்டுமே. மறுபுறம், டி. ஈ. ஷா ஆய்வகம் இதற்கென்றே கட்டிய ஆன்டன் கணினியில் 2011இல் 12 சிறு புரதங்களை இயற்பியல் விதிகளைக் கொண்டே மடித்துக் காட்டியது, ஆகவே அந்த வழி மூடப்படவில்லை. இவையெல்லாம் சரி. எனக்கு இவை மறுப்பாகத் தெரியவில்லை, என் வாதத்துக்கு வலுவாகத்தான் தெரிகின்றன. வங்கியில் இருப்பவை பெரும்பாலும் படிகத்தில் உறைந்து நின்ற ஒற்றை வடிவங்கள். மென்பொருள் அறியாதது எதுவோ, அதுவே சேமிப்பில் இல்லாததும். அன்ஃபின்சன் கேட்ட கேள்விக்கு இயற்பியல் வழியில் விடை வந்திருந்தால் இந்த ஒற்றுமை இருந்திருக்க வேண்டியதில்லை.

ஆல்ஃபாஃபோல்டின் நிரல் 2021இல் வெளியிடப்பட்டது. ஐரோப்பிய உயிர்த்தகவல் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய தரவுத்தளத்தில், 2022 ஜூலைக்குள் 20 கோடிக்கும் மேற்பட்ட கணிப்புகள் இலவசமாக வைக்கப்பட்டன. பொதுவிலிருந்து எடுத்ததைப் பொதுவுக்குத் திருப்பிய நேர்மை அது. 2024 மே மாதம் மூன்றாம் ஆல்ஃபாஃபோல்ட் நேச்சர் இதழில் வந்தபோது நிரல் உடன் வரவில்லை. புரதத்தோடு மருந்து மூலக்கூறுகளும் மரபுப்பொருளும் சேரும் வடிவத்தை அது கணித்தது, மருந்துத் தொழிலுக்கு அது நேரடியாகத் தேவைப்படுவது. விஞ்ஞானிகள் பலர் கையெழுத்திட்டுக் கண்டித்தார்கள். நவம்பரில், வணிகம் சாராத பயன்பாட்டுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு நிரல் வெளியானது. தரவைக் கொடுக்காமல் கட்டுரை வெளியிடக் கூடாது என்று படிகவியலாளர்களைக் கட்டாயப்படுத்திய அதே இதழ் உலகம், அந்தத் தரவில் வளர்ந்த மென்பொருளுக்கு அந்த விதியைத் தளர்த்தியது எனக்கு ஏற்கத்தக்கதாகத் தோன்றவில்லை. நிறுவனம் முதலீடு செய்தது, லாபம் பார்க்க வேண்டும் என்பார்கள். படிகவியலாளரும் தம் பத்தாண்டை முதலீடு செய்தவர்தான். மருந்து நிறுவனங்கள் தத்தம் பெட்டகங்களில் வெளியிடாமல் வைத்திருக்கும் புரத–மருந்து வடிவங்கள் ஏராளம். அவற்றில் சில, தரவை வெளியே காட்டாமலேயே ஒரு பொது மாதிரியைச் சேர்ந்து பயிற்றுவிக்க அண்மையில் முன்வந்திருக்கின்றன. பூட்டி வைத்தவர்களும் தனித்தனியே போதாது என்று கண்டுகொண்டார்கள் என்றே இதைப் படிக்க வேண்டும்.

என் வாதத்தை உரசிப் பார்க்க ஓர் இயற்கையான கல் கிடைத்திருக்கிறது. சேமிப்பும் சோதனையும்தான் காரணம் என்றால், சோதனை இருந்தும் சேமிப்பு மெலிந்திருக்கும் இடத்தில் இதே மென்பொருள் வித்தை பலிக்கக் கூடாது. 2022 கேஸ்பில் முதன்முறையாக ஆர்என்ஏ மூலக்கூறுகளின் வடிவத்தையும் கணிக்கச் சொன்னார்கள். ஆர்என்ஏவும் சங்கிலிதான், அதுவும் மடிகிறது, அதன் எழுத்துகள் இருபது அல்ல, நான்கே. சுலபமாக இருந்திருக்க வேண்டும். ஆல்ஃபாஃபோல்டைப் பார்த்து எழுதப்பட்ட ஆழ்கற்றல் மென்பொருள்கள் பல போட்டியிட்டன, முன்னிலை பெற்றவையோ மனித நிபுணர் உடனிருந்து வழிநடத்திய பழைய பாணி முறைகள். அந்த முன்னிலையும் ஆய்வுக்கூடத் துல்லியத்துக்கு வெகு தூரத்தில் இருந்தது. கணினிகள் அவையே, வலைப்பின்னல்களும் அந்த வகையே, ஆட்களில் பலரும் அவர்களே. வங்கியில் ஆர்என்ஏ வடிவங்கள் புரதங்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம், அவற்றிலும் ஒரே மூலக்கூறின் மறுபதிப்புகள் பல. அளந்து சேர்க்கும் வேலை இப்போது எலக்ட்ரான் நுண்ணோக்கி ஆய்வகங்களில் நடந்துகொண்டிருக்கிறது.